பின்பாரம்

லாபு,
18.2.1990

அன்பு மகன் அரசுக்கு அம்மா மங்கம்மா எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சுகம்தான். அங்கு நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க நம் முனியாண்டி சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது, ஏன் இந்த வயதில் பிக்கப்பில் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும், பேசாமல் சிரம்பானில் பஸ் ஏறினால் மறுநாள் கெர்த்தேயில் என் வீட்டுக்கே வந்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், நானும் ஆறு மாதமாக அதையேதான் கேட்கிறேன், உன் அப்பா காதில் வாங்கினால்தானே. ஆனால் இப்போது நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன், அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எஸ்டேட் கிராணி ஆபீசுக்குப் போய் போனில் சொல்லியிருக்கலாம், அங்கே நான் பேசினால் ஆபீஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் எழுதுகிறேன், அவசரமில்லாமல் உட்கார்ந்து படி.

எஸ்டேட்டை விற்றாகிவிட்டது என்று முன்பே எழுதினேன். மார்ச் மாதக் கடைசிக்குள் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நம் லயத்தில் பத்து வீட்டில் ஏழு காலி, மாயாண்டி வீடும் இன்னொரு வீடும் நாமும்தான் மிச்சம். மந்தினில் நமக்கென்று எழுதிய மலிவு வீடு அடுத்த வருசம்தான் முடியுமாம், அதுவரை எங்கே போவது என்று நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் உன் அப்பாவுக்கு அந்தக் கேரவன் ஞாபகம் வந்தது. உனக்கும் தெரியும், கடைசி வெள்ளைக்கார மேனேஜர் சனி ஞாயிறு ஆனால் சி ரூசா கடற்கரைக்கு இழுத்துப் போவாரே, கட்டிலும் மேசையும் வைத்த சக்கர வீடு, அதுதான். அவர் ஊருக்குப் போன பிறகு பத்துப் பன்னிரண்டு வருசம் ஸ்டோர் பின்னால் கிடந்தது, அதில் கோழி அடைகாத்தது. ஓய்வு பெறும்போது கம்பெனியில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஆளாளுக்குக் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள், உன் அப்பா கோழிப்பீ நாற்றமடிக்கும் கேரவனைக் கேட்டார். தான் ஓட்டிய பழைய டீசல் பிக்கப்பையும் ஏலத்தில் எடுத்தார். முப்பத்து மூன்று வருசம் மற்றவனுடைய ரப்பர் பால் டின்னை இழுத்தேன், இனி என் வீட்டை நானே இழுத்துக்கிட்டு மகன் வாசல்ல போய் நிறுத்துறேன் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு பிடித்தது டீசல் பைத்தியம். லாபுவிலிருந்து உன் வீட்டுக்கு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர், வழியில் கண்ட கண்ட எண்ணெய் ஸ்டேஷனில் ஊற்றினால் டீசலில் தண்ணீர் இருக்கும், அதனால் ஒரே டேங்க்கில் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். டேங்க் ஐம்பத்தைந்து லிட்டர். நம் ஸ்டேஷனில் எப்போதும் அதே பம்ப்பில் நிறுத்தி, கழுத்துவரை ஊற்றி, நுரை அடங்க வண்டியைப் பிடித்து ஆட்டி, மறுபடி ஊற்றி, சி ரூசாவுக்குப் போய்த் திரும்பி, மறுபடி கழுத்துவரை ஊற்றி எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பார். ஸ்டேஷன் பையன்கள் இவர் வருவதைப் பார்த்தாலே சிரிப்பார்கள். தனியாக ஓடினால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், காலிக் கேரவனை இழுத்தால் ஒன்பது. எல்லாவற்றையும் ஒரு நீலநிற நோட்டில் தேதி, தூரம், லிட்டர், சாமான் எடை, ஆள் எத்தனை என்று எழுதி வைப்பார். சாமானை எதில் நிறுத்தார் என்று கேள், பால் ஸ்டோரில் சும்மா கிடந்த தராசில். என் கரண்டியைக்கூட விடவில்லை. அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, இது வந்தா நான் வரல என்றார். சரி என்று அம்மியை மாயாண்டி பெண்சாதியிடம் கொடுத்துவிட்டேன், வாங்கிய நாள் முதல் என் கை பட்ட கல்.

சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அவர் கணக்குப்படி லிட்டருக்கு எட்டுக்கு மேல் ஓட வேண்டும். ஓடவில்லை. ஆறரைதான் வந்தது. மறுபடி போனார், ஆறு. காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார், டயருக்குக் காற்றுப் பிடித்தார், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கேரவன் வேறு வேகமெடுத்தால் பின்னால் நெளிகிறது என்று பயந்து மூன்றாம் கியரிலேயே ஓட்டினார், அதில் இன்னும் டீசல் குடித்தது. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. வண்டியில குத்தம் இல்ல, என் கால்தான் தடிச்சுப் போச்சு, வயசாயிடுச்சு, டீசலை மிதிச்சுக் கொட்டுறேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மெதுவான கால் என்றுதான் அவருக்கு எஸ்டேட்டிலேயே பெயர், அதையே அவர் சந்தேகப்படும்போது நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். காரணம் எனக்குத் தெரியும், அரசு. தெரிந்தும் சும்மா இருந்தேன்.

இனி சொல்லப் போவது உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. உனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள், பெயர் செல்லம்மா, காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அப்போது ஏழு வயது, உனக்கு ஒன்றரை. காலையில் நான் பால்மரம் வெட்டப் போனதும் உன்னை இடுப்பில் வைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப் போவது அவள்தான், நீ கனக்கிற பிள்ளை, வழியில் நாலு இடத்தில் நிற்பாள், கீழே மட்டும் இறக்கமாட்டாள். அவளைப் பன்னிரண்டாம் நம்பர் காட்டு இடுகாட்டில் புதைத்தோம். உன் அப்பாதான் ஸ்டோரில் மிஞ்சிய சிமெண்டைக் கேட்டு வாங்கி, பலகை அடித்து ஊற்றி, ஈரம் காயுமுன் ஆணியால் பெயரும் தேதியும் கீறிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை, பெயரையும் எடுத்ததில்லை. நான்தான் வருசா வருசம் புல் பிடுங்கிச் சூடம் ஏற்றுவேன். இப்போது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் தள்ளப் போகிறார்களாம், மேலே வீடு வருமோ பந்து அடிக்கிற திடல் வருமோ தெரியாது. மண்ணைத் தோண்டி எடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அந்தக் கல்லையாவது விட்டுப் போக மனசு வரவில்லை. உன் அப்பா விளக்கு பல்பு வாங்கச் சிரம்பானுக்குப் போன ஒரு காலையில், மாயாண்டியையும் இன்னும் இரண்டு பேரையும் கெஞ்சிக் கூட்டிப் போய், கடப்பாரையால் நெம்பி எடுத்து, கேரவனில் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்து மேலே போர்வையை மூடிவிட்டேன். நூறு கிலோ இருக்கும் என்றான் மாயாண்டி, சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். அம்மிக்கே அப்படிச் சொன்ன மனிதரிடம் இதை எப்படிக் கேட்பேன்?

கட்டில் இருப்பது கேரவனின் கடைசியில். ஏன் அங்கே வைத்தேன் என்றால், முன்பக்கம் பிக்கப்பில் மாட்டுகிற கொக்கிக்கு மேலேதான் சாமி படத் தட்டு. சாமிக்குப் பக்கத்தில் சமாதிக் கல்லை வைக்கலாமா, தீட்டாயிற்றே, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. சக்கரத்துக்குப் பின்னால் பாரம் ஏறினால் வண்டி வாலை ஆட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன வியாழக்கிழமை, முழுச் சாமானோடு ஒரு தடவை மலை ஏறிப் பார்த்துவிடுவோம் என்று புக்கிட் புத்துஸ் வழியாகக் கோலப்பிலாவுக்குக் கிளம்பினார், என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏறும்போது இரண்டாம் கியர், கரும்புகை, பின்னால் பத்துக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. இறக்கத்தில்தான் வந்தது வினை. ஒரு வளைவு திரும்பும்போது கேரவன் இடமும் வலமும் வீச ஆரம்பித்தது, எங்கள் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது, எதிரே மணல் லாரி. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். அவர் பிரேக்கை மிதிக்கவில்லை, மிதித்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. காலை மெல்ல எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டார். லாரி உரசுகிற மாதிரி போயிற்று, வீச்சு மெல்ல மெல்ல அடங்கியது. கீழே ஒரு பெத்தாய்க் காய் விற்கிற கடையோரம் நிறுத்தினார். சாவியை உருவி என் மடியில் போட்டு, போதும் மங்கா, என்கிட்ட இனி வண்டி இல்ல, வித்துட்டு பஸ்லயே போவோம் லா, உன்னைக் கொல்லப் பார்த்தேன் என்றார். கொல்லப் பார்த்தது நான்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இறங்கிப் போய், மெத்தையைத் தூக்கி, பலகையை எடுத்து, போர்வையை விலக்கிப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகுதான் சொன்னார். அவரும் போயிருக்கிறார், அரசு. இருபத்தெட்டு வருசம் போகாத மனிதர், எஸ்டேட்டை விட்டுப் போகிறோமே என்று போன மாதம் தனியாக இடுகாட்டுக்குப் போயிருக்கிறார். போனால் கல் இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. கம்பெனிக்காரன் பெயர்த்து எறிந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது டீசலுக்காக மட்டும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கல்லை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் சோறு தின்றிருக்கிறோம்.

ஏன் கடைசியில கொண்டு போய் வெச்ச என்று கேட்டார். தீட்டு என்றேன். ஏழு வயசுப் புள்ள, அதுக்கு என்னம்மா தீட்டு என்றார், சொல்லிவிட்டு அழுதார். புதைத்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. பிறகு பெத்தாய்க் கடை மலாய்க்காரர் இரண்டு மகன்களோடு வந்து கை கொடுத்தார், என்ன கல் என்று கேட்டார், அனாக் என்று மட்டும் உன் அப்பா சொன்னார், பிள்ளை என்றதும் அவர் போய்ச் சாக்கு எடுத்து வந்தார். சாக்கின்மேல் வைத்து இழுத்து, சக்கரத்துக்குச் சற்று முன்னால், நாங்கள் சாப்பிடுகிற மேசைக்கு அடியில், சாமி படத்தைப் பார்த்தாற்போல் வைத்துக் கட்டினோம். திரும்பி வரும்போது கேரவன் ஒரு ஆட்டம் ஆடவில்லை. நேற்று நாலாம் கியரிலேயே சி ரூசாவுக்குப் போய் அளந்தோம், லிட்டருக்கு எட்டேகால். கல்லை இறக்கினால் எட்டரை வரும், ஆனா இறக்குறதா இல்ல என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன், ஆள் எத்தனை என்ற இடத்தில் எப்போதும் இரண்டு என்று இருக்கும், நேற்றைக்கு மூன்று என்று எழுதியிருக்கிறார்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது அரசு, கட்டிக் கட்டி அவிழ்த்து அவிழ்த்து கை ஓய்ந்துவிட்டது, ஆனால் பயம் போய்விட்டது. மார்ச் பத்தாம் தேதி விடியலில் கிளம்புகிறோம். மருமகளிடம் பக்குவமாகச் சொல், அவள் வேறு ஊர்ப் பெண், சமாதிக் கல் வீட்டுக்கு வருகிறது என்றால் திடுக்கென்று இருக்கும். அவளுக்கு மனமில்லை என்றால் கேரவனிலேயே இருக்கட்டும், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். பேரனுக்கு மழைக்காலத்து ஈரம் ஆகாது, மார்பில் தைலம் தடவு. நீ வேலையிலிருந்து வந்ததும் வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

எல்லாம் வல்ல முனியாண்டி சாமியும் மாரியம்மனும் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், உன் கை தொட்டது விளங்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு வீட்டில் இரு, கல்லை இறக்க நாலு ஆள் வேண்டும். மூன்று பேரை நீ கூலிக்கு வைத்துக்கொள், நாலாவது ஆளாக ஒரு மூலையை நீயே பிடிக்க வேண்டும். உன்னைக் கீழே இறக்காமல் தூக்கியவள்.

இப்படிக்கு,
உன் அம்மா மங்கம்மா
(அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கெர்த்தேயில் நல்ல டீசல் எந்த ஸ்டேஷனில் என்று கேட்டு எழுதச் சொல்கிறார்.)