இனி காலி செய்வதாக இல்லை

வாய் ஓயாத என் அப்பாவுக்கு,

உங்கள் சமாதிக் கல்லை நட்டுவிட்டோம். கொல்லையில், தென்னைக்குப் பக்கத்தில், நீங்கள் கைகாட்டிய அதே இடம். வாசகமும் நீங்கள் சொன்னதுதான்: "இனி யார் சொன்னாலும் காலி செய்வதாக இல்லை."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் என்னை எழுத வைத்தீர்களே, அப்போது உங்களுக்கு மூச்சே சரியாக வரவில்லை. "அண்ணன்கிட்ட காட்டாத. வாத்தியாரு, திருத்திடுவான்" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு காட்டினேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஊரே சிரிக்கும்மா. பண்ணையார் காதுக்குப் போனா என்ன ஆவும்? நீ இன்னும் அவரு வயல்லதான நடவுக்குப் போற?" என்று அம்மாவிடம் கேட்டான்.

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. நாம் குடியிருந்த மனை பண்ணையாருடையது. நீங்கள் விவசாயக் கூலிகள் சங்கத்தில் சேர்ந்ததும் மூன்று முறை காலி செய்யச் சொன்னார். மூன்று முறையும் அவர் ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அதே கீற்றைப் பொறுக்கி, பொழுது சாய்வதற்குள் மறுபடி வேய்ந்தீர்கள். பிறகு, குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று புது ஆட்சி சட்டம் போட்டது. பட்டா வந்த அன்று அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று சத்தமாகப் படித்தீர்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பது தெருவுக்கே தெரியும். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை.

அம்மாதான் முடிவு சொன்னார். "சிரிக்கட்டும்டா. அழுததெல்லாம் போதும்."

திருவாரூர்க் கல்தச்சர் சீட்டை வாங்கிப் படித்தார். "தோற்றம், மறைவுன்னு வெட்டித்தான் பழக்கம். இதை வெட்டுனா சிரிப்புல உளி வழுக்குமே" என்றார். ஆனாலும் வழுக்காமல் அழகாக வெட்டிக்கொடுத்தார்.

நட்ட மறுநாள் பண்ணையாரே வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனார். இரண்டு முறை படித்தார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

"மூணு தடவ நான் சொல்லிப் பார்த்தேன், கிளம்பல. எமன் ஒரே தடவையில காலி பண்ண வச்சுட்டான்" என்றார்.

அம்மா அசரவில்லை. "எங்கங்க காலி பண்ணாரு? வீட்டுக்குள்ளேருந்து கொல்லைக்கு மாறிப் படுத்திருக்காரு, அவ்வளவுதான்."

பண்ணையார் முகம் ஒரு மாதிரி கோணியது. அது சிரிப்புத்தான் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. போகும்போது, "நாளைக்கு நடவு இருக்கு, வந்துரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நம் கூரையைப் பிரித்ததை நான் மறக்கவில்லை அப்பா. ஆனாலும் அன்று நானும் சிரித்துவிட்டேன். தப்பா?

இப்போது குத்தாலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன்தான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறான், ஏதோ தானே எழுதியதைப் போல.

நேற்று அம்மா என்னை உட்காரவைத்துத் தன் கல்லுக்கும் வாசகம் சொன்னார். உங்களை ஒட்டியே நட வேண்டுமாம்.

"பக்கத்தில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்."

அதற்கு இன்னும் நெடுநாள் ஆகட்டும். அந்த நாள் வந்தால் நானே கூட இருந்து வெட்டி வாங்கி வருகிறேன், இது சத்தியம். அதுவரை நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள் அப்பா.

உங்கள் வாயைக் கொண்டு பிறந்தவள் என்று அம்மா ஏசும்,
உங்கள் சின்ன மகள்