மணியைத் தூக்கிய கை

செவ்வாய், இரவு

எங்கள் மரத்தவளை மணி இன்னும் அசையவில்லை. தொட்டியின் மூலையில் ஈரத் துணிபோலக் கிடக்கிறது.

நான் தேக்கா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் தொட்டிக்குள் செடி சாய்ந்திருக்கிறது. மணி அடியில் மாட்டிக்கொண்டதாக நினைத்து என் மனைவி கமலா அதைக் கையால் தூக்கியிருக்கிறாள். சற்று முன்புதான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருந்தாள். நான் வந்து மூடியைத் திறந்ததும் அந்த வாடைதான் அடித்தது.

குளோரின் நீக்கிய தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி மணியைக் கழுவினேன். கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "செய்ய வேண்டியத செஞ்சிட்டீங்க அங்கிள். ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க லா" என்றார்.

தவளையின் தோலுக்கு நான் வகுப்பில் மை உறிஞ்சும் தாளைத்தான் உதாரணம் காட்டுவேன். எங்கே தொட்டாலும் உள்ளே பரவிவிடும் என்பேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். கமலாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சளி பிடிச்சிருக்குமோங்க? ஏசிய நிறுத்திடவா?" என்றாள்.

"நிறுத்து."

"நல்லவேளை, நான் பாத்தேன். இல்லன்னா செடிக்கடியிலேயே போயிருக்கும், பாவம்."

"ஆமா, நீதான் காப்பாத்தின" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "காலையில பசிக்கும் பாருங்க" என்று சொல்லி, உயிருள்ள சிள்வண்டு டப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மணியின் தொண்டை துடிப்பதாகத் தெரியவில்லை. டப்பாவுக்குள் சிள்வண்டுகள் கத்திக்கொண்டே இருக்கின்றன.