பித்தளை வளையம் போட்ட லென்ஸ்

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனைக்கு முன்னால் உங்கள் தலையெண்ணெய் வாசனைதான் வந்தது. பெரிய லென்சை உங்கள் பழைய பனியன் ஒன்றில் சுற்றி வைத்திருந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, பனியன் மட்டும் போகாமல் கிடந்திருக்கிறது. அதைத் தரை துடைக்கிற வாளியில் போட்டுவிட்டு லென்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நூலிழை போலக் கொஞ்சம் பூசணம். நடுவில் சுத்தமாகத்தான் இருந்தது.

நான் கேமரா வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் மகள் முன்பு கொடுத்த சின்ன டிஜிட்டல் கேமரா எனக்குப் போதவில்லை. நல்லதாக ஒன்று பார்த்து, யாரையும் கேட்காமல் வாங்கினேன். சேலத்துக் கடைக்காரர், "பழைய லென்ஸெல்லாம் இதுல உக்காராதுங்கம்மா, புதுசா ஒண்ணு சேத்து வாங்கிக்கங்க" என்றார். நடுவில் போடுகிற வளையம் இருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து வந்தார். ஒரு பக்கம் பழைய லென்சின் மரை ஏறும், மறுபக்கம் புதுக் கேமராவில் பூட்டிக்கொள்ளும். அதைக் கையில் வாங்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் பித்தளை வளையம் ஞாபகம் வராமல் இருக்குமா.

வீட்டுக்கு வந்து லென்சை மாட்டி மொட்டை மாடிக்குப் போனேன். நல்லம்பள்ளிப் பக்கத்து மலையைப் பார்த்துத் திருகினேன். மலை மேல் நிற்கிற செல்போன் கோபுரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிந்தது. ஆக, லென்சில் கோளாறு இல்லை. என் கையிலும் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்.

தர்மபுரியில் நீங்கள் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் உங்களை எல்லோரும் கலைஞர் என்றுதான் சொன்னார்கள். நீங்களே அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குச் சந்தனம் வைப்பது எல்லா ஸ்டுடியோவிலும் உண்டு. லென்சின் கண்ணாடியிலேயே நடுப் பொட்டு வைத்த கலைஞர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். மறுநாள் பஞ்சு வைத்து அதைத் துடைத்து எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. "சாமிக்கு வெச்சது, தொடச்சா குத்தம்" என்று அதற்கும் ஒரு பேச்சு.

உங்களுக்குக் கண் பார்வை மங்கிவிட்டிருந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால், "கண்ணாடி போட்டவன போட்டோகிராபர்னு எவன் நம்புவான்?" என்பீர்கள். அதனால் கேமராவுக்குள் பார்த்துத் தெளிவு வைக்கிற வழக்கமே உங்களுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டே பின்னால் வருவீர்கள். பன்னிரண்டு அடி என்றால் லென்சில் எழுதியிருக்கிற பன்னிரண்டுக்குத் திருகுவீர்கள். அவ்வளவுதான் உங்கள் கலை. அதை ஒரு வித்தை போலக் கூட்டம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு எண் தேவைப்படவில்லை, நான் கண்ணால் பார்த்துத்தான் திருகுவேன். முஸ்லிம் வீடுகளில் கல்யாணமென்றால் பெண்கள் கூடுகிற அறைக்கு ஆம்பளை போட்டோகிராபர் போக முடியாது. அதற்காகத்தான் நீங்கள் எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள், வருகிற வேலையை விடக்கூடாது என்று. துணிக்கடைக்காரர் வீட்டு மெஹருன்னிசா அக்காதான் என்னை முதலில் கூப்பிட்டார். அவர் சொல்லி மற்ற வீடுகளும் கூப்பிட்டன. மருதாணிக் கை, தோளில் சாய்ந்த தங்கச்சி, அழுதுகொண்டே சிரிக்கிற அம்மா என்று அந்த அறைகளில் நான் எடுத்ததெல்லாம் ஸ்டுடியோவில் உங்கள் பேர் முத்திரை குத்தி வெளியே போயின. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. கேமராவைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நீங்கள் புதுக் கேமரா வாங்கினீர்கள். எண்பத்தாறா, ஏழா, சரியாக நினைவில்லை. பழைய கேமராவின் இரண்டு லென்சும் அதில் பொருந்தாது என்று வாங்கின பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. வாங்குவதற்கு முன்பே நான் கேட்டேன். "உனக்கு வாய் நீளம்" என்றீர்கள். லேத்துப் பட்டறையில் சொல்லிப் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து வாங்கிவந்து, பெரிய லென்சை அதில் மாட்டி, ஏதோ நீங்களே லென்ஸ் கண்டுபிடித்த மாதிரி தெருவுக்கே காட்டினீர்கள்.

நான் ஒருநாள் மாட்டிப் பார்த்தேன். எட்டடிக்குள் முகம் வைத்தால் கண் இமை மயிர்வரை தெரிந்தது. எட்டடிக்கு அப்பால் எவ்வளவு திருகினாலும் புகைமூட்டம்தான். வளையத்தின் தடிமனால் லென்ஸ் முன்னால் தள்ளி நிற்கிறது என்பது அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. உங்களிடம் வந்து சொன்னேன்.

"வளையம் கனமா இருக்குதுங்க. பட்டறையில குடுத்துக் கொஞ்சம் தேய்ச்சு வாங்கிட்டு வாங்க. லென்சுல இருக்கற அடிக்கணக்கு இப்ப ஒத்து வராது."

"லேத்து வேல எப்ப கத்துக்கிட்ட?" என்றீர்கள். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்த பிறகு வளையத்தைத் தேய்க்க உங்களுக்கு எப்படி மனசு வரும்? பெண்டாட்டி சொன்னதைக் கேட்பதைவிட ஊரான் வீட்டுத் தாலி படத்தில் கலங்கலாக விழுவது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அப்படித்தான் விழுந்தது. தீர்த்தமலையில் கம்பைநல்லூர்க்காரர் ஒருவர் தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். விடிகாலை முகூர்த்தம். நீங்கள் புதுக் கேமராவோடு முதல்நாளே போய்விட்டீர்கள். நான் பழைய கேமராவையும் மீதியிருந்த சின்ன லென்சையும் எடுத்துக்கொண்டு மறுநாள் விடியுமுன் மெஹருன்னிசா அக்கா வீட்டுக்குப் போனேன், அவர் மகளுக்கு அன்றைக்கு நிக்காஹ். படங்கள் வந்தபோது தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு திட்டுகள். முன்னால் உட்கார்ந்திருந்த தவில்காரரின் முதுகு மட்டும் வேர்வைத் துளிகளோடு அத்தனை துல்லியம். அன்றைக்கு எடுத்த இருபத்தேழு படமும் இப்படியே.

பெண்ணின் அப்பாவிடம் தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் படம் வாங்க வருவதற்கு முதல்நாள் இரவு நீங்கள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ எடுத்ததுன்னு சொல்லிடலாம். பொம்பளன்னா விட்டுடுவாங்க. நான்னா ஸ்டுடியோ பேரே போயிடும்." சொல்லிவிட்டு ரசம் கேட்டீர்கள். ஊற்றினேன்.

பெண்ணின் அப்பா வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கி வைத்தார். நீங்கள், "முகூர்த்தத்தப்ப நான் வெளிய ஜோலியா இருந்தேனுங்க, இவதான் எடுத்தா" என்றீர்கள். தாலி கட்டுகிற அமளியில் கேமரா யார் கையில் இருந்தது என்று அவர் கவனித்திருக்க மாட்டார். அவர் என்னைப் பார்த்து, "நீயாம்மா எடுத்த?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமாங்க" என்றேன்.

"பரவால்ல போ. பொம்பளப் புள்ள, கை நடுங்கியிருக்கும்" என்றார். அந்த மனுஷரின் பெருந்தன்மை மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை.

அதோடு என் கேமரா முடிந்தது. என் கை நடுங்கும் என்று ஊருக்கே தெரிந்த பிறகு என்னிடம் எப்படிக் கேமரா கொடுப்பது என்று நீங்களே கேட்டீர்கள், வெட்கமில்லாமல். பழைய கேமராவை விற்றீர்கள். வருஷக்கணக்காக இருட்டறையில் உங்கள் கலங்கல்களைக் கழுவிக்கொண்டும் ஓரம் வெட்டிக்கொண்டும் இருந்தேன். துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, மற்ற வீடுகளிலிருந்தும் வரவில்லை. அந்தப் பொய் அந்த அறைகள்வரை போய்விட்டது, அவர்களும் நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களை வெறுத்தேன் என்று சொல்ல மாட்டேன், வெறுப்பதற்கும் ஆள் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். காலையில் காப்பி கொடுக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு ஒரு பலமாகக்கூட இருந்தது.

நேற்று புதுக் கேமராவில் அந்த லென்சை மாட்டிக்கொண்டு மெஹருன்னிசா அக்கா வீட்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகப் போனேன். அக்காவுக்கு எண்பதைத் தாண்டியாயிற்று, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. எடுக்கட்டுமா என்று கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். எடுத்ததைத் திரையில் காட்டினேன். சுருக்கமெல்லாம் தெரியுதே என்று சிரித்தார். இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன், தீர்த்தமலைப் படங்களை எடுத்தது நான் இல்லை என்று.

"தெரியுமே. அன்னிக்கி விடியக்காலம் நீ எங்க வூட்டுலதான இருந்த. என் மகளுக்குப் பூ வெச்சு வுட்டதே நீதான" என்றார்.

"தெரிஞ்சும் ஏங்க்கா அப்புறம் என்னக் கூப்புடல?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உன் வூட்டுக்காரரு சொன்னத நாங்க யாரும் நம்பலம்மா. ஆனா நீயே ஆமான்னு சொன்னேன்னு கேள்விப்பட்டோம். புருஷனுக்காக நீ உன் வாயால சொன்னத நாங்க போயி பொய்யின்னு சொன்னா, உன் குடும்பம் என்னத்துக்கு ஆவறது? கூப்புட்டா சங்கடப்படுவேன்னு வுட்டுட்டோம். நீயா வருவேன்னு பாத்தோம். நீ வரல."

அக்காவின் பேத்திகள் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

உங்கள் பொய்யை அந்த வீடுகளில் ஒன்றுகூட நம்பவில்லை. அவ்வளவு மட்டமான பொய் அது, உங்கள் படங்களைப் போலவே. என்னைக் கேமராவிலிருந்து எடுத்துப்போட்டது அது இல்லை. உங்களை இளக்காரமாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சௌகரியமாக இருந்துவிட்டேன், இனிமேல் அந்தச் சௌகரியம் எனக்கு இல்லை. நீங்கள் வாய் திறந்து சொன்னதெல்லாம் உங்களோடு போயிற்று. "ஆமாங்க" என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.