ஊற்றுப் பாசிக்கு வந்த ஆபத்து

டாலிகஞ்ச்,
ஆகஸ்ட் 1968

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே தீவில் அப்பாவும் நானும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. நீ மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன்.

நீ கேட்ட பாசி இந்தக் கப்பலில் வருகிறது. அதற்குள் இங்கே நடந்த கூத்தைக் கேள். நம் வீட்டுக்குப் பின்னால் ஊற்றோரப் பாசியில் ஓடு கட்டி வாழும் அமீபா இருக்கிறது, அதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, பெருமை தாங்காமல் அதைப் பக்கத்து வீட்டு இந்திராணிக்குப் படித்துக் காட்டினேன். அந்த வாரமே அவள் மகள் ருக்குவுக்குச் சீதபேதி. ஆஸ்பத்திரியில் அமீபா என்று சொல்லிவிட்டார்கள். இந்திராணி அழுதுகொண்டே வந்து, "ஒங்க பொண்ணே எழுதியிருக்காளேக்கா, அந்தப் பாசியச் சுரண்டி எறிஞ்சிட்டு பிளீச்சிங் பவுடர் கொட்டாம விடமாட்டேன்" என்றாள். நாலு பேர் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். பிள்ளை படுத்துக் கிடக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது, கம்பவுண்டரைக் கேட்கிறவரைக்கும் பொறு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வங்காளிக் கம்பவுண்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வோ அலக் ஹை, யே அலக் ஹை", வயிற்றுக்குள் போவது வேறு, இது வேறு, கிணற்றில் கக்கூஸ் தண்ணீர் கசிகிறதா பாருங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார்.

அப்போதும் இந்திராணிக்கு மனம் ஆறவில்லை. உன் கடிதத்தை எடுத்து மறுபடி மெதுவாகப் படித்தேன். மணல் துகளாகப் பொறுக்கி, தன் உடம்பில் ஊறும் பசையால் ஒட்டிக் குடம் மாதிரி வீடு கட்டும், அதற்கு ஒரே வாசல், அதன் வழியாக உடம்பை விரல் மாதிரி நீட்டி ஈரத்தில் ஊர்ந்து போகும், ஈரம் காய்ந்தால் உள்ளேயே சுருண்டு கிடக்கும், இரண்டாகப் பிரிகிறபோது தான் சேர்த்து வைத்த மணலைக் கொடுத்துப் புதிதுக்கும் வீடு அமைக்கும் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "கண்ணுக்கே தெரியாததுக்கு இம்புட்டு வேலையா" என்றாள். பிறகு அந்த மண்வெட்டியைத் தானே கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். அப்பாவும் மற்றவர்களும் சேர்ந்து, கிணற்றுப் பக்கம் வந்த சாக்கடையை வேறு பக்கம் வெட்டி விட்டார்கள்.

ருக்கு நேற்று ரசம் சோறு சாப்பிட்டாள். உனக்கு வரும் பாசி இந்திராணி கையால் எடுத்து, நிழலில் உலர்த்திக் கட்டியது.

நீயும் விடுதித் தண்ணீரைக் காய்ச்சியே குடி. கடவுள் உன் படிப்புக்குத் துணையிருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது காலேஜில் கேட்டு ஒரு மைக்ராஸ்கோப் இரவல் கொண்டுவர மறக்காதே. முதலில் தான்தான் பார்க்கப்போவதாக இந்திராணி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள், அடுத்தது நான்.

என்றும் உன் நினைவாக,
அம்மா மரகதம்