வரப்புக்கு அந்தப் பக்கம்

உன் மண்வெட்டியில் துரு இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டேன், செங்கல் பொடி வைத்துத் தேய்த்தேன். மேலே உதிர்கிறது, அடியில் மறுபடி பூக்கிறது. நம் வயல் சேற்றில் பிடிக்கும் துரு ஒரு தேய்ப்பில் போய்விடும். இது கடல் உப்பு. உன் துணிப்பையோடு தீவிலிருந்து திரும்பி வந்த இரும்புக்குப் புதுக் காம்பு போட்டு என்னிடம் கொடுத்தவள் உன் மனைவிதான். "சும்மா கெடந்து என்ன செய்யப் போகுது, நீங்க வச்சுக்கங்கண்ணே" என்றாள்.

இன்று விடிந்ததிலிருந்து அனுமந்தன்பட்டியில் மழை விடவில்லை. நாற்றங்கால் முழுகிவிட்டது. உன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பை வெட்டக் குனிந்தேன். கை ஓடவில்லை மாப்ள.

தண்ணீர் தேங்கினால் உனக்குத்தான் பொறுக்காது. "தண்ணி நிக்கக் கூடாது மாப்ள, நின்னா வேரு அழுகும்" என்பாய். வயலில் மட்டுமா? தெருக்குழாயடியில், பேருந்து நிலையத்தில், என் கல்யாண வீட்டுப் பந்தலில்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் ஓடை கீறிவிட்டவன் நீ. பெண் வீட்டார் உன்னைச் சமையல் ஆள் என்று நினைத்து அடுப்புக்கும் ஓடை வெட்டச் சொன்னார்கள். அதையும் வெட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாய்.

குத்தகை நிலம் கை விட்டுப் போன பிறகு குமுளிக்கு ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனாய். அங்கே பிடித்த மலையாளம்தான், கொச்சி ஏஜெண்ட் வழியாக, மாலத்தீவில் ஒரு சுற்றுலா விடுதித் தீவில் உனக்குத் தோட்டக்காரன் வேலை வாங்கிக் கொடுத்தது. சின்னமனூர்ப் பட்டறையில் அடித்து வாங்கிய மண்வெட்டியைக் காம்பு கழற்றிப் பையில் வைத்தாய். கொச்சி விமான நிலையத்தில் அதிகாரி அதை வெளியே எடுத்து, "இது எந்தினா?" என்று, எதற்கு என்று கேட்டாராம். "பணி எடுக்கான் சாரே" என்றாயாம். "அங்கன மம்பட்டி கிடையாதா?" என்று நான் கேட்டதற்கு, "இருக்கும்லே. ஆனா அது என் பேச்சக் கேக்குமா?" என்றாய்.

போன புதிதில் வீடியோவில் தீவைச் சுற்றிக் காட்டினாய். முன்பக்கம் தண்ணீருக்கு மேல் தூண் கட்டி எழுப்பிய விருந்தாளிகளின் வீடுகள். நீ சீவி வளர்த்த புல். பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் குப்பைக்குழிக்கும் நடுவில், தீவிலேயே தாழ்ந்த இடத்தில் உங்கள் தகரக் கொட்டகை. பத்துப் பேருக்கு ஓர் அறை. கட்டில் காலில் கட்டிய ஒரே பிளக் பலகையிலிருந்து மின்விசிறிக்கும் சோறு வடிக்கும் குக்கருக்கும் போன்களுக்கும் வயர் தரையோடு ஓடியது. அதையெல்லாம் சுவரில் ஏற்றி அடிக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டாயாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம். "நம்ம மேகமல மாதிரி ஒண்ணு இருந்தா ஏறி உக்காந்துக்கிறலாம் மாப்ள. இங்கன தென்ன மரந்தான் மல" என்று சிரித்தாய்.

பிறகு அந்தப் புயல். தீவுகளுக்கு அருகே கடந்து போகும், நேராக அடிக்காது என்று சொன்னார்கள். விருந்தாளிகளைப் படகில் ஏற்றிப் பெரிய தீவுக்கு அனுப்பிவைத்தார்கள். நாற்காலிகளையும் மெத்தைகளையும் காக்க உங்களை விட்டுவைத்தார்கள். கொட்டகையைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கச் சொன்னதோடு அவர்கள் கடமை முடிந்தது.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் காலை நீ அழைத்தபோது நான் இதே நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். உன் முகத்துக்குப் பின்னால் வெயில் அடித்தது.

"புயல் போயிருச்சு மாப்ள. ஆனா பெஞ்ச மழ பூராம் மூட்டைக்குள்ளயே நிக்குது, பாரு."

போனைத் திருப்பிக் காட்டினாய். கெண்டைக்கால் அளவு தண்ணீர். அதில் பத்துப் பேரின் செருப்புகள் மிதந்தன.

"ஏலே, மம்பட்டிய வச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்குற? ஒரு மூட்டைய உருவிட்டு மண்ண வெட்டி விடுலே. தன்னால வடிஞ்சிரும்."

"வெளிய கடலுடா."

"கடலுன்னா என்ன? எல்லாத்துக்கும் பள்ளம் அதுதான. அதுல போய்ச் சேராத தண்ணி எங்கன இருக்கு?"

நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு, "அதுஞ் செரிதேன்" என்றாய்.

அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நம் ஊரில் தண்ணீருக்கு ஒரே திசைதான். மலையிலிருந்து இறங்கும், ஆற்றில் விழும், வைகை அணைக்குப் போகும், அப்புறம் நம் கணக்கில் இல்லை. வரப்புக்கு வெளியே இருப்பது எப்போதும் பள்ளம். பிறந்ததிலிருந்து அதை மட்டுமே பார்த்த இரண்டு பேர், மட்டப்பலகை போல ஒரு தீவில் கடலைப் பள்ளம் என்று முடிவு செய்தோம். புயல் போன பிறகும் அது கிளப்பிய அலை பின்னால் வரும், கடல் ஏறும் நேரத்தோடு சேர்ந்தால் வெயிலடிக்கும்போதே கடல் கரையைவிட உயரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் பெரிய தீவில் பாதுகாப்பாக இருந்தார்கள்.

உன் அறையில் இருந்த நாகர்கோவில்காரர் பிறகு போனில் எல்லாம் சொன்னார். நீ வெட்டிய இடத்தில் தண்ணீர் முதலில் வெளியே போனதாம். எல்லோரும் கை தட்டினார்களாம். அரை மணி நேரத்தில் அதே வழியாகத் திரும்பி வந்ததாம், முழங்காலுக்கு. அவர்கள் வெளியே ஓடினார்கள். நீ மூட்டையைத் தூக்கி அடைக்கப் பார்த்தாய். பிளக் பலகை தண்ணீருக்குள் போனது. மூட்டையோடு நீ தண்ணீரில் சாய்ந்தாயாம்.

அன்று மாலைச் செய்தியில் புயல் விலகியது, பெரிய சேதம் இல்லை என்றார்கள். அதே புயலின் ஓரம் நம் பள்ளத்தாக்கிலும் தூறியது. நல்ல மழை என்று ஊரே சந்தோஷப்பட்டது.

உன் உடலோடு கம்பெனியின் காகிதம் ஒன்றும் வந்தது. தொழிலாளி தன் இஷ்டத்துக்குத் தடுப்பை உடைத்ததால் நேர்ந்த விபத்து. இரண்டே வரி. தரையில் கிடந்த வயரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. முழங்கால் தண்ணீர் ஆளைக் கொல்லாது. வயர் கொல்லும். அதைச் சுவரில் ஏற்றி அடிக்க ஓர் ஆளுக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாளை உங்களுக்காகச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. டீக்கடையில் அந்தக் காகிதத்தைத்தான் நம்பினார்கள். "அவனுக்குக் கை சும்மா இருக்காதுல்ல. பேசாம கெடந்திருந்தா பெழச்சிருப்பான்" என்றார் கடைக்காரர். பக்கத்தில் டம்ளரைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரு போகம் முழுக்கத் திறக்கவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டித் திட்டி என் பங்கை மறைத்துக்கொண்டேன். அதற்கும் கோபம் நன்றாக உதவுகிறது.

மண்வெட்டியைக் கையில் வாங்கிய அன்றுதான் உன் மனைவியிடம் சொன்னேன். "வெட்டச் சொன்னது நாந்தேன் தங்கச்சி."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"தெரியும்ணே. உங்ககிட்டப் பேசி முடிச்சிட்டு எனக்கும் போன் போட்டாக. மாப்ள வெட்டி விடச் சொல்றான், வெட்டட்டுமான்னு கேட்டாக. நானும் வெட்டுங்கன்னுதேன் சொன்னேன். இந்த ஊர்ல யாரக் கேட்டுருந்தாலும் அதத்தேன சொல்லியிருப்பாக?"

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப் போகுது? அவுகளக் கிறுக்கன்னு பேசுறாகளே, அங்கன போய்ச் சொல்லுங்க."

மறுநாள் டீக்கடையில் போய்ச் சொன்னேன். வெட்டச் சொன்னவன் நான் என்பதையும், வயர் தரையில் கிடந்ததையும். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, "நானா இருந்தாலும் வெட்டத்தேன்டா சொல்லியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு உன் கையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. காகிதத்தில் இருக்கும் இரண்டு வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று குனிந்தவன் நிமிர்ந்து, வரப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வாய்க்கால் பொங்கி, வயலில் நின்ற தண்ணீரைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. வெட்டியிருந்தால் மொத்தமும் உள்ளே வந்திருக்கும்.

மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு மழையில் அப்படியே உட்கார்ந்தேன். நாற்று ஒரு நாள் தண்ணீரில் கிடந்தால் செத்துவிடாது. அன்றைக்கு உன்னிடமும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வயரைப் பிடுங்கிப் போட்டுட்டுக் கட்டில்ல ஏறி உக்காருலே, தண்ணி நிக்கட்டும்.