குளியலறைக் குழாய் பற்றிய திருத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் பதில் தெரிந்துகொண்டே கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் அப்பாவிடமாவது சொல்.

நீ அனுப்பிய பதினோரு வீட்டுப் படங்களையும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு இருந்த வீடு, ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடச் சுவர் நின்ற வீடு, குளிப்பதற்குக் கட்டிலைத் தாண்டிப் போக வேண்டிய வீடு. நாலு மாடிப் படிக்கட்டு முழுக்க ஆட்கள் ஃபைலும் கையுமாக வரிசையில் நின்ற அந்தப் படத்தில் நீ எங்கே என்று வெகுநேரம் தேடினேன், எடுத்தவனே நீதான் என்பது பிறகுதான் உறைத்தது. அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை, இதில் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, அதில் காற்று வராது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னேன். வீடு கிடைக்காமல் அலைகிறவனிடம் வீட்டுக்குக் குறை சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டாவது வீட்டுக்கு நான் குறை சொல்லவில்லை. ஆபீசுக்கு நடந்தே போகலாம், சமையலறையில் ஜன்னல் இருக்கிறது, தரகருக்கும் உன்னைப் பிடித்துவிட்டது. முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரிடமிருந்து கையெழுத்துப் போட்ட ஒரு சான்று போதும் என்றார். வேலைக்குப் போனதிலிருந்து மூன்று வருடம் நம் மாடி போர்ஷனில் நீ தனியாக இருந்தாய், ஆகவே அந்த உரிமையாளர் நான்தான். ரெண்டு வரி போதும்மா, நல்ல பையன்னு எழுதிடு, அம்மான்னு எல்லாம் சொல்லிக்க வேணாம் என்றாய். இந்த மாதக் கடைசியில் கம்பெனி விடுதியைக் காலி செய்ய வேண்டும், வீட்டு ஒப்பந்தம் இல்லாமல் முகவரி பதிய முடியாது, முகவரி இல்லாமல் வேலை உறுதியாகாது, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்ட கை இது. எவ்வளவு சுத்தமான தண்ணீர் வந்தாலும் நல்ல தண்ணீர் என்று நான் எழுதியதில்லை. குடிக்க உகந்தது, அவ்வளவுதான். அதன் கீழே கவனிக்கப்பட்ட குறைகள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உனக்கும் அப்படியே எழுதினேன். இவருடைய தாய் நான் என்று முதல் வரியிலேயே சொன்னேன், மறைப்பது சரியில்லை என்று பட்டது. குடியிருக்க உகந்தவர். கவனிக்கப்பட்ட குறைகள்: ஒன்று, சாவியை இரண்டு முறை தொலைத்தார். இரண்டு, குளியலறைக் குழாயை மூடாமல் வெளியே சென்றதில் கீழ்வீட்டு உட்கூரையில் நீர் இறங்கியது. நீ அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தரகரிடம் நீட்டியிருக்கிறாய்.

பெத்தவளே சர்ட்டிபிகேட் தர யோசிக்கறா, நான் எந்த தைரியத்துல சாவியக் குடுக்கறது என்று அவர் கேட்டதை அப்பாதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தண்ணிக்குக் குடுக்கற மரியாதையக்கூட புள்ளைக்குக் குடுக்கலியே நீ என்றார். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். உன்னைக் கூப்பிட்டால், பரவால்லம்மா, வேற பாத்துக்கலாம் என்கிறாய். நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால், உண்மையைத்தானே எழுதினேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். போன வியாழக்கிழமை நம் வீட்டுக் கூடத்து உட்கூரையில் பழைய இடத்திலேயே மறுபடி கறை தெரிந்தது. மாடி பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம், குழாயைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்? பிளம்பரைக் கூப்பிட்டேன். குளியலறைச் சுவரில் நாலு டைல்ஸைப் பெயர்த்ததும் உள்ளே இருந்த பைப் இணைப்பு விரிசலோடு தெரிந்தது. இது நேத்து இன்னிக்கு ஒடஞ்சதில்ல மேடம், வருஷக்கணக்காக் கசிஞ்சிருக்கு, அப்ப யார் தலையில கட்டினீங்க பழிய என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் உடைந்த டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூடிட்டுத்தாம்மா போனேன் என்று, நீர் இறங்கிய அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் நம்பவில்லை. அதற்குமேல் வாதாடாமல் துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாய். ஊரார் கொண்டுவரும் தண்ணீரை மூன்று முறை சோதிக்காமல் கையெழுத்துப் போடாத நான், உன் விஷயத்தில் ஒரு முறைகூடச் சோதிக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன் பிறகு நீ விமானம் ஏறும் நாள்வரை, ஒவ்வொரு காலையும் குழாயை மூடினாயா என்று படிக்கட்டின் கீழிருந்து கேட்டேன், நீயும் ஒவ்வொரு காலையும் மூடிட்டேம்மா என்று பதில் சொன்னாய். சலித்துக்கொண்டதாக நினைவில்லை. ஒருவேளை நான் கவனிக்கவில்லையோ என்னவோ.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தவறான சான்று போய்விட்டால் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தம் அனுப்புவோம். இதை எப்படித் திரும்பப் பெறுவது? அந்தச் சமையலறை ஜன்னல் அருகே இந்நேரம் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். இத்துடன் புதுச் சான்று ஒன்று வைத்திருக்கிறேன். குறைகள் என்ற கட்டம் அதில் இல்லை. இவர் மேல் நான் சொன்ன குற்றம் தவறு, இவர் உண்மையைச் சொன்னார், நம்பாதபோதும் தரையைத் துடைத்தார் என்று எழுதியிருக்கிறேன். படிக்கும் தரகருக்கு இது என்ன புரியுமோ. கூரியர் வந்துசேர ஐந்து நாளாகுமாம், உனக்கு இருப்பது எட்டு. இதனால் வீடு கிடைக்கும் என்று எழுதினால் அது இன்னொரு பொய்ச் சான்று. எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாததால் அனுப்புகிறேன்.

மாடிக்கு வாடகைக்கு விடப்படும் என்ற பலகையை இன்னும் மாட்டவில்லை. திரும்பி வந்துவிடு என்று சொன்னால் உன்னைத் தோற்கச் சொன்னதாகிவிடும், அதனால் சொல்லவில்லை. பைப்பை மாற்றி, மாடியைப் பூட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் செய்து எனக்குப் பழக்கமில்லை, உனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஊரில் ஒரு கதவாவது உனக்குத் திறக்கட்டும், உள்ளே வெளிச்சமும் இருக்கட்டும். குழாயைப் பற்றி இனி கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இந்தச் சான்றைப் பிரித்து, முழுக்கப் படித்துவிட்டு, சரியென்று பட்டால் மட்டும் கொடு. அம்மா எழுதியதுதானே என்று நம்பிக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா