செல்வி கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை இரவு. வெளியே மழை.

காலையில் இடுப்பு வலி தாங்கவில்லை. கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஷோபா தன் கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை கொடுத்தாள். பெயர்கூடப் பார்க்காமல் ஒன்றை விழுங்கினேன். மருந்து சாப்பிட்டபின் அரிப்போ தடிப்போ வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று வார்டில் தினமும் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான்தான்.

மதியம் வார்டில் படுத்திருந்த செல்விக்கு பி.பி. பார்த்தேன். மைசூர் பக்கம் நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவள். சும்மா இருக்கமாட்டாள். என் கையையே பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், கையெல்லாம் தடிச்சிருக்கு? மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"உதடும் வீங்கியிருக்கே. நான் இப்படிச் சொன்னா நீங்க விடுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவள், "டாக்டரே, சிஸ்டர்ன ஸ்வல்ப நோடி" என்று, சிஸ்டரைக் கொஞ்சம் பாருங்கள் என வார்டே திரும்பும்படி கன்னடத்தில் கூப்பிட்டுவிட்டாள். டாக்டர் வந்தபோது எனக்கு மூச்சு இறுகத் தொடங்கியிருந்தது. உடனே ஊசி போட்டார்கள். இரண்டாவது மாத்திரை என் சீருடைப் பையில்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டில் தனியாக அதையும் போட்டிருந்தால்...

ஒவ்வாமையைப் பதிவு செய்யும்போது, முதலில் கவனித்தது யார் என்று டாக்டர் கேட்டார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கினாள் செல்வி.

இப்போது மூச்சு தாராளமாக வருகிறது. ஜெபத்தில் இன்று வீட்டாரின் பெயர்களுக்கு முன்பே அவள் பெயர் வந்துவிட்டது.